உம்மு ஸர்உ ஹதீஸும் இல்லறத்தின் பேச்சும்

அரபிக் கல்லூரிகளில் இறுதியாண்டில் ஸஹீஹுல் புகாரீ ஓதுகின்ற மாணவர்கள் சற்று அச்சத்துடன் எதிர்நோக்கும் ஹதீஸ்கள் சில உண்டு. உம்மு ஸர்உ ஹதீஸ் அவற்றுள் முதன்மையானது. திருமண இயலில், குடும்பத்தாருடன் நல்லுறவு பேணுதல் என்னும் பாடத்தின் கீழ் இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். நீண்ட ஹதீஸ், சொல்லுக்குச் சொல் அகராதியை நாடச் செய்யும் பழைய அரபி. நாம் ஓதிய காலத்தில் நம் உஸ்தாத் அவர்கள் இந்த ஒரு ஹதீஸுக்கு மூன்று நாள்களை ஒதுக்கினார்கள். ஒவ்வோர் அருஞ்சொல்லுக்கும் வேர், வாய்பாடு, பொருள் என்று கிதாபின் ஓரங்களை எழுதி நிரப்பினோம். தேர்விலும் அதிலிருந்து வினா வந்தது. நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால் அந்தப் பதினொரு பெண்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அந்த மூன்று நாள்களில் எவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கத் தோன்றுவதற்கு நமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. அது எவ்வாறு தோன்றிற்று என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் ஹதீஸின் செய்தியைப் பார்ப்போம். பழங்காலத்தில் பதினொரு பெண்கள் ஓரிடத்தில் கூடி அமர்ந்தனர். தத்தம் கணவரைப் பற்றிய செய்தியில் எதையும் மறைப்பதில்லை என்று தமக்குள் உறுதி செய்துகொண்டனர். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பேசினர். அவர்கள் யமன் நாட்டைச் சேர்ந்தவர்கள் என்று சில அறிவிப்புகள் கூறுகின்றன. இதனை எடுத்துரைப்பவர் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள். செவிமடுப்பவர் அவர்களின் கணவராகிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள அறிவிப்பின்படி, கதை முழுவதும் அன்னையின் கூற்று. இறுதி வாக்கியம் மட்டுமே நாயகத்தின் திருவாய்மொழி. கதையையும் நாயகம் (ஸல்) அவர்களே கூறினார்கள் என்று கொள்ளும் வேறு வழி அறிவிப்புகளும் உள்ளன. ஹதீஸ் கலையினர் இவ்விரண்டையும் நீள ஆய்ந்திருக்கின்றனர். எவ்வாறு கொண்டாலும், கணவன் மனைவி இருவரும் அமர்ந்து, பிறர் இல்லறத்தின் இன்ப துன்பங்களை இவ்வளவு விரிவாகப் பேசினார்கள் என்னும் உண்மை மாறுவதில்லை. இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் தம் ஷமாயிலில் இதனை நாயகத்தின் இரவு நேர உரையாடல்கள் பற்றிய பாடத்தில் வைத்திருப்பது கருதத்தக்கது.

அறிவிப்பாளர் தொடரையும் சற்று நோக்குவோம். அன்னையிடமிருந்து இதனைக் கேட்டவர் அவர்களின் தமக்கை அஸ்மா (ரலி) அவர்களின் மகன் உர்வா (ரஹ்). உர்வாவிடமிருந்து கேட்டவர் அவருடைய மகன் அப்துல்லாஹ். அவரிடமிருந்து கேட்டவர் அவருடைய சகோதரர் ஹிஷாம். சிறிய தாயாரிடமிருந்து தமக்கை மகனுக்கு, தந்தையிடமிருந்து மகனுக்கு, அண்ணன் தம்பிக்குள் என்று, ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள்ளேயே மூன்று படிகள் கடந்து வந்த செய்தி இது. அதன் பின்னரே உலகுக்கு வந்தது.

பெண்கள் கூறியவற்றில் சிலவற்றை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறோம். முதலாமவள் தன் கணவனைக் கரடுமுரடான மலையுச்சியில் வைக்கப்பட்ட மெலிந்த ஒட்டகத்தின் இறைச்சிக்கு ஒப்பிட்டாள். ஏறிச் செல்ல வழியும் எளிதன்று, சுமந்து வரும் அளவுக்குக் கொழுப்பும் இல்லை. நான்காமவளின் கணவன் திஹாமா நிலத்தின் இரவைப் போன்றவன். வெப்பமும் இல்லை, குளிரும் இல்லை, அவனிடம் அச்சமும் இல்லை, சலிப்பும் இல்லை. செங்கடலோரத்துத் திஹாமாவின் பகல் வெப்பத்தை அறிந்தவர்க்கே அதன் இரவின் அருமை விளங்கும். ஏழாமவளின் கணவன் உலகத்துக் குறைகள் எல்லாவற்றுக்கும் இருப்பிடமானவன். தலையை உடைப்பான், அல்லது உடலைக் காயப்படுத்துவான், அல்லது இரண்டும் செய்வான். எட்டாமவளின் கணவனோ முயலைப் போன்ற மென்மையும் நறுமணமும் உடையவன். இரண்டாமவள் பேசவே தயங்கினாள். தொடங்கினால் நிறுத்த முடியாமற் போய்விடும் என்பது அவளது அச்சம்.

மூன்றாமவள் கூறியது மிகச் சுருக்கம். தன் கணவன் நெடியவன் என்றாள். அந்த உயரத்தால் பயனேதும் இல்லை என்பது குறிப்பு. பிறகு, தான் வாய் திறந்தால் மணவிலக்குச் செய்யப்படுவாள், வாய் மூடினால் தொங்கவிடப்படுவாள் என்றாள். தொங்கவிடப்படுவேன் என்பதற்கு அவள் பயன்படுத்திய உஅல்லக் என்னும் சொல்லின் வேரையே, மனைவியரிடையே நீதி பேணுவது பற்றிய அந்நிஸா அத்தியாயத்தின் 129ஆம் வசனமும் ஆள்கிறது. கணவன் உள்ளவளும் அல்லள், இல்லாதவளும் அல்லள் என்னும் நிலை அது. பேச்சும் மௌனமும் ஒருசேர ஆபத்தாக உள்ள ஒரு வீட்டை இதைவிடக் குறைந்த சொற்களில் எவரும் காட்டிவிட முடியாது என்பது நம் எண்ணம்.

இனி ஆறாமவள். ஹதீஸ் விரிவுரையாளர்கள் பெரிதும் கருத்து வேறுபட்ட இடங்களுள் இவளுடைய கூற்றும் ஒன்று. அவளுடைய கணவன் உண்டால் எல்லாவற்றையும் வாரி உண்பான். பருகினால் ஒரு சொட்டும் விடான். படுத்தால் தன்னைத் தனியே போர்த்திக்கொள்வான். துயரை அறிவதற்காகக் கையை நுழைக்கவும் மாட்டான். துயர் என்பதற்கு அவள் கூறிய சொல் பஸ். உள்ளத்தில் அடக்க இயலாமல் வெளியே சிந்தும் பெருந்துயரை அச்சொல் குறிக்கும். யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் தம் துயரை அல்லாஹ்விடமே முறையிடுவதாகக் கூறிய இடத்தில் குர்ஆனும் அச்சொல்லையே ஆள்கிறது.

அருஞ்சொற்பொருள் நூலாகிய ஃகரீபுல் ஹதீஸின் ஆசிரியர் அபூ உபைத் அல்காஸிம் பின் ஸல்லாம் (இறப்பு ஹிஜ்ரி 224 / கி.பி. 838) இந்த இறுதிப் பகுதியைப் புகழ்ச்சியாகக் கொண்டார். அவளுடைய உடலில் ஏதோ ஒரு குறையோ நோயோ இருந்திருக்கலாம். அதனைத் தொட்டறிந்து அவளை வருத்தாத பெருந்தன்மை அவனிடம் இருந்தது என்பது அவருடைய விளக்கம். மொழியறிஞர் இப்னுல் அஃராபீ (இறப்பு ஹிஜ்ரி 231) இதனை ஏற்கவில்லை. அவன் விலகிப் படுத்துக்கொள்கிறான், அவளுடைய அன்பு எத்தகையது என்று அறிய நெருங்குவதே இல்லை, ஆகவே இது பழிப்பு என்றார். இப்னு குதைபா (இறப்பு ஹிஜ்ரி 276) அபூ உபைதை நேராகவே மறுத்தார். உணவிலும் பானத்திலும் அவனைப் பழித்த பெண், அதே மூச்சில் எவ்வாறு புகழ்வாள் என்பது அவர் எழுப்பிய வினா. அரை நூற்றாண்டு கழித்து இப்னுல் அன்பாரீ (இறப்பு ஹிஜ்ரி 328) அபூ உபைதுக்காக வாதாட வந்தார். எதையும் மறைப்பதில்லை என்பதுதானே அப்பெண்களின் உடன்படிக்கை. எனவே ஒருத்தி தீமையையும் நன்மையையும் சேர்த்தே கூறியிருக்கலாம் என்றார்.

ஏறத்தாழ நூறாண்டுகள் நீடித்த இவ்விவாதத்தை நாம் மாணவப் பருவத்தில் சொல் விளக்கமாக மட்டுமே எழுதி வைத்தோம். இன்று படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. மனைவியின் துயரைக் கேட்காமல் இருப்பது கணவனின் நாகரிகமா, அலட்சியமா? அறிஞர்கள் வாதாடியது இதைப் பற்றியே. அபூ உபைத் கூறியதில் உண்மை இல்லாமலில்லை. கேளாமல் விடுவதும் சில வேளைகளில் பரிவுதான். ஆயினும் வாக்கியத்தின் போக்கு இப்னு குதைபாவின் பக்கமே சாய்கிறது. உண்பது, பருகுவது, போர்த்துவது என்று மூன்று செயல்களிலும் அவன் தன்னை மட்டுமே கவனிக்கிறான். நான்காவதில் மட்டும் அவன் பிறரைக் கவனித்ததாகக் கொள்ள இடமில்லை. ஒருநாள் வீட்டில் இந்தச் சர்ச்சையைத் தமிழில் எடுத்துக் கூறியபோது, நம் இல்லத்தார் முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த அபூ உபைத் அவர்களுக்குத் திருமணம் ஆகியிருந்ததா என்று வினவினார்கள். நம்மிடம் விடை இல்லை.

பதினொன்றாமவள்தான் உம்மு ஸர்உ. ஹதீஸின் பாதியளவு அவளுடைய பேச்சே. அபூ ஸர்உ அவளைச் சில ஆடுகள் மட்டுமே இருந்த எளிய குடும்பத்தில் கண்டெடுத்தான். குதிரைகளும் ஒட்டகங்களும் தானியமும் நிறைந்த வீட்டில் கொண்டுவந்து வைத்தான். காதுகளை அணிகளால் நிறைத்தான். உண்ண வைத்துத் தோள்களைத் தேற்றினான். தன்னை மகிழ்வித்தான், தன் உள்ளமும் தன்னைப் பெரிதாகக் கருதலாயிற்று என்றாள். இவ்வளவு செல்வத்தையும் எண்ணிய பிறகு, அவனிடத்தில் தான் பேசுவதுண்டு, ஆனால் தன் பேச்சு இழிவுபடுத்தப்படுவதில்லை என்றாள். அதற்கடுத்தே விடியும்வரை உறங்குவதையும் வேண்டுமளவு பருகுவதையும் கூறினாள்.

இழிவுபடுத்துதல் என்று நாம் இங்கே எழுதிய சொல்லின் வேர் கபஹ. ஒருவரை நோக்கி அல்லாஹ் உன்னை அவலட்சணமாக்கட்டும் என்பதுபோல் ஏசுவதற்கும், ஒருவர் கூறியதை அருவருத்துத் தள்ளுவதற்கும் அரபியில் இவ்வேரிலிருந்து பிறந்த வினையைப் பயன்படுத்துவர். அபூதாவூதில் பதிவாகியுள்ள வேறொரு ஹதீஸில், மனைவிக்குக் கணவன் மீதுள்ள உரிமை யாது என்று முஆவியா பின் ஹைதா (ரலி) அவர்கள் நாயகத்திடம் வினவுகிறார்கள். உணவளித்தல், உடையளித்தல், முகத்தில் அடியாமை ஆகியவற்றுடன் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியவற்றுள் ஒன்று இதே வினையின் விலக்கல். கதையில் ஒரு பெண் தன் பேறாகக் குறிப்பிட்டது, இங்கே சட்டத்தின் மொழியில் எல்லா மனைவியர்க்கும் உரிமையாக நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நமக்குக் கற்பிக்கப்படவில்லை. கிதாபுகள் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருந்தன.

கதையின் முடிவு இன்பமானதன்று. ஒருநாள் அபூ ஸர்உ வெளியே சென்றான். பால் கடையும் நேரம். இரண்டு சிறுவர்களுடன் இருந்த வேறொரு பெண்ணைக் கண்டான். உம்மு ஸர்உவை விலக்கிவிட்டு அவளை மணந்தான். உம்மு ஸர்உ பின்னர்ச் செல்வமும் வள்ளன்மையும் உடைய இன்னொருவரை மணந்தாள். அவர் அள்ளிக் கொடுத்தார். அவளுடைய உறவினர்க்கும் கொடுக்கச் சொன்னார். ஆயினும் அவர் கொடுத்தவை அனைத்தையும் ஒன்று சேர்த்தாலும் அபூ ஸர்உவின் மிகச் சிறிய பாத்திரத்தையும் அது நிரப்பாது என்று முடித்தாள். இரண்டாம் கணவரும் செல்வர்தாம், நல்லவர்தாம். எனினும் அவரிடம் தான் பேசியதாக அவள் ஒரு சொல்லும் கூறவில்லை.

இதைக் கேட்டு முடித்த நாயகம் (ஸல்) அவர்கள், உம்மு ஸர்உவுக்கு அபூ ஸர்உ எவ்வாறோ அவ்வாறு தாம் ஆயிஷாவுக்கு இருப்பதாகக் கூறினார்கள். அபூ ஸர்உ விலக்கினான், தாம் விலக்குவதில்லை என்னும் கூடுதல் சில அறிவிப்புகளில் வருகிறது. அதற்கு அன்னை அவர்கள், தாங்கள் எனக்கு அபூ ஸர்உவை விட மேலானவர் என்று மறுமொழி கூறியதாகவும் சில அறிவிப்புகளில் காண்கிறோம்.

விரிவுரையாளர்களின் மற்ற வினாக்களும் சுவையானவை. அல்மாஸரீ (இறப்பு ஹிஜ்ரி 536) போன்றோர், இது புறம் பேசுதல் ஆகாதா என்று ஆய்ந்தனர். இன்னார் என்று அறியப்படாத பெண்களைப் பற்றியும் கணவர்களைப் பற்றியும் கூறுவது புறம் ஆகாது என்பது விடை. இமாம் நவவீ (இறப்பு ஹிஜ்ரி 676) அவர்கள், மணவிலக்குச் செய்தவனுக்குத் தம்மை ஒப்பிட்டதனால் நாயகத்தின் மனைவிக்கு மணவிலக்கு நிகழவில்லை என்பதிலிருந்து, எண்ணமில்லாத மறைமுகச் சொல்லால் தலாக் நிகழாது என்று சட்டம் எடுத்தார்கள். ஃபிக்ஹுடைய கண் எங்கெல்லாம் செல்கிறது, பாருங்கள்! ஸப்தாவில் பிறந்து மர்ராகிஷில் மறைந்த காழீ இயாழ் (இறப்பு ஹிஜ்ரி 544 / கி.பி. 1149) அவர்களோ, புஃக்யதுர் ராஇத் என்னும் தனி நூலையே இந்த ஒரு ஹதீஸுக்காக எழுதினார்கள்.

நாயகத்தின் இல்லத்தில் மனத்தாங்கலும் மறைக்கப்படவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் எப்போது திருப்தியுடன் இருக்கிறார்கள், எப்போது சினத்துடன் இருக்கிறார்கள் என்பதைத் தாம் அறிவதாக நாயகம் (ஸல்) அவர்களே கூறியுள்ளார்கள். திருப்தியின்போது முஹம்மதின் இறைவன் மீது ஆணையிடுவார்கள். சினத்தின்போது இப்ராஹீமின் இறைவன் மீது ஆணையிடுவார்கள். அன்னை அதனை மறுக்கவில்லை. விடுவது பெயரை மட்டுமே என்றார்கள். வேறு நபி எவரையும் விட்டு இப்ராஹீம் (அலை) அவர்களைத் தேர்ந்தது அன்னையின் கூர்மதிக்குச் சான்று, நாயகத்துக்கு மிக நெருக்கமானவர் அவரே என்று இப்னு ஹஜர் (இறப்பு ஹிஜ்ரி 852) நயம் காண்கிறார். நமக்கு இதில் வியப்பாக இருப்பது வேறு. ஆணைச் சொல்லில் நேர்ந்த ஒரு பெயர் மாற்றத்தைக் கொண்டு மனைவியின் மனநிலையை உணரும் அளவுக்கு ஒரு கணவரின் செவி பழகியிருந்தது. அந்தக் கணவர் மதீனா அரசின் தலைவராகவும் இருந்தார்.

இந்தப் பழக்கம் அன்றைய குறைஷிகளுக்கு இயல்பானது அன்று. உமர் (ரலி) அவர்கள் தம் வாக்குமூலமாகவே இதனைக் கூறியுள்ளார்கள். மக்காவில் ஆண்கள் பெண்களை அடக்கி வைத்திருந்தனர். மதீனாவில் அன்ஸாரிப் பெண்களின் கை ஓங்கியிருந்தது. தம் பெண்களும் அதைக் கற்றுக்கொண்டனர். ஒருநாள் தம் மனைவி எதிர்த்துப் பேசியதை உமர் (ரலி) வெறுத்தபோது, நபியின் மனைவியரே நாயகத்திடம் மறுத்துப் பேசுகிறார்களே, சிலர் நாள் முழுவதும் இரவுவரை பேசாமலும் இருக்கிறார்களே என்று அவர் கேட்டார். உமர் (ரலி) அதிர்ந்து போய்த் தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விரைந்தார்கள். பின்னர் மக்கா மதீனா வேறுபாட்டை நாயகத்திடம் எடுத்துரைத்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்கள்.

இனி, முதலில் கூறுவதாகச் சொன்ன செய்திக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மஹல்லாவில் குல்உ கோரி வந்த ஒரு பெண்ணின் விசாரணையில் மார்க்கம் கூறுவதற்காக நாமும் அமர்ந்திருந்தோம். பெரியவர்கள் வழக்கமான வினாக்களைக் கேட்டனர். அடிக்கிறாரா? இல்லை. குடிக்கிறாரா? இல்லை. செலவுக்குத் தருகிறாரா? தருகிறார். பிறகு என்னம்மா குறை என்றனர். அந்தப் பெண் நெடுநேரம் தலை குனிந்திருந்துவிட்டு, ‘அவங்க எங்கிட்ட ஒரு நாளும் பேசினதில்ல, ஹஜ்ரத்’ என்றாள். சபையில் சிலர் சிரித்தனர். சமாதானமாகப் போகும்படி சொல்லித் திருப்பி அனுப்பினர். நாம் ஒன்றும் கூறவில்லை. வீடு திரும்பும் வழியில்தான் ஆறாமவளின் வாக்கியம் நினைவுக்கு வந்தது. ஓரக்குறிப்புகளுடன் சேர்த்து மனனமாகவே வந்தது. சபையில் இருந்தபோது வரவில்லை.

வேறொரு பெண்ணின் செய்தியும் அன்று நம் நாவில் இருந்திருக்க வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் அவள் பெயர் ஹபீபா பின்த் ஸஹ்ல். ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி. வைகறைத் தொழுகைக்குப் புறப்பட்ட நாயகம் (ஸல்) அவர்கள் இருள் பிரியாத வேளையில் அவள் தம் வாயிலில் நிற்பதைக் கண்டு, யார் என்றும் என்ன செய்தி என்றும் கேட்டார்கள். தானும் ஸாபிதும் இனி இல்லை என்பதே அவள் கூறியதன் சாரம். புகாரீயின் அறிவிப்பிலோ, ஸாபிதின் மார்க்கத்திலும் குணத்திலும் தான் குறை காணவில்லை என்று அவருடைய மனைவி தெளிவாகவே கூறுகிறாள். அவருடன் வாழ்ந்தால் நன்றி மறந்தவளாகிவிடுவேனோ என்றே அஞ்சுகிறாள். அவளிடம் சான்று கேட்கப்படவில்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்று மட்டுமே கேட்கப்பட்டது. கணவனிடம் குற்றம் இருந்தால்தான் மனைவியின் உள்ளத்துக்குச் செவி கொடுக்கலாம் என்பது அந்த வாயிலில் நிபந்தனையாக இருக்கவில்லை.

நம் சமுதாயத்தில் இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நூல்களைப் படித்த விதத்திலும் ஒரு பங்கு உண்டு என்போம். இமாம் கஸ்ஸாலீ (இறப்பு ஹிஜ்ரி 505 / கி.பி. 1111) அவர்கள் இஹ்யாவின் திருமண ஒழுக்க நூலில், மனைவியுடன் நற்குணம் என்பது அவளைத் துன்புறுத்தாமல் இருப்பதோடு முடிவதில்லை, அவளால் நேரும் துன்பத்தைத் தாங்குவதே என்று எழுதினார்கள், நாயகத்தின் மனைவியர் மறுத்துப் பேசியதையும், இப்ராஹீமின் இறைவன் பற்றிய ஹதீஸையும் அங்கேயே சான்றாக வைத்தார்கள். அதே நூலின் பிற்பகுதியில், மனைவி வீட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும், அண்டை வீட்டாருடன் பேச்சைக் குறைக்க வேண்டும் என்னும் அறிவுரைகளும் வருகின்றன. நம் நிகாஹ் மேடைகளில் நாம் கேட்டுவந்த உரைகள் பெரும்பாலும் இந்தப் பிற்பகுதியிலிருந்தே எடுக்கப்பட்டவை. அண்டை வீட்டாருடன் என்னும் சொல்லும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. பேச்சைக் குறைத்தல் மட்டும் எஞ்சிற்று. படுக்கையறை இரகசியத்தை ஊரில் பரப்புவோனைக் கண்டிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. அது கணவன் மனைவி தமக்குள் பேசுவதைத் தடுப்பதாகவும் சிலர் விளங்கிக்கொண்டனர்.

இப்போது நாம் இந்த ஹதீஸை நடத்தும்போது நான்கு நாள்கள் எடுத்துக்கொள்கிறோம். சொற்பொருள் மூன்று நாள்களில் முடிந்துவிடும். நான்காம் நாள் கிதாபை மூடச் செய்து, பெண்கள் கூறியதைத் தமிழில் ஒவ்வொரு மாணவராகச் சொல்லும்படி கேட்கிறோம். மூன்றாமவளின் முறை வருகையில் வகுப்பு பெரும்பாலும் அமைதியாகிவிடுகிறது. அவர்களுக்கும் வீட்டில் உம்மாவும் ராத்தாவும் இருக்கிறார்கள் அல்லவா?

உர்வா (ரஹ்) பிறந்ததே நாயகத்தின் மறைவுக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். ஆகவே அவர் இக்கதையைக் கேட்டது கணவரை இழந்து நெடுங்காலம் வாழ்ந்த ஒரு பெண்மணியிடமிருந்து. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 58இல் (678) மறையும் வரை, நாயகத்துக்குப் பின் 47 ஹிஜ்ரி ஆண்டுகள் மதீனாவில் வாழ்ந்தார்கள். அந்த ஆண்டுகளில் ஏதோ ஒரு நாளில், தமக்கை மகனை அருகில் அமர்த்தி, பதினொரு பெண்களின் பேச்சையும் வரிசை மாறாமல் கூறி, இறுதியில் தம் கணவர் தம்மிடம் சொன்னதையும் சொல்லி முடித்தார்கள்.